வீட்டில் பல் வலி என்று சொல்லிக்கொள்ளுங்கள்

திருப்தியான வாடிக்கையாளர் நாலு பேரிடம் சொன்னால்தான் எந்தத் தொழிலும் வளரும். என் தொழிலில் திருப்தியானவர்தான் முதலில் வாயை மூடிக்கொள்கிறார். மாதக்கணக்கில் தூக்கம் வராமல் வந்து, பேசிப் பேசித் தெளிந்து, இப்போது சுகமாகக் குறட்டை விடுகிற ஒருவர், கிராஸ்கட் ரோட்டில் என்னை எதிரே பார்த்தால் சட்டென்று ஜவுளிக் கடைக்குள் நுழைந்துவிடுவார். அவர் நன்றி கெட்டவர் இல்லை. கூட மாமனார் வருகிறார். சரி, அவராவது மறுபடி வருவாரா என்றால், வேலை ஒழுங்காக நடந்திருந்தால் வர மாட்டார். முடிதிருத்துகிறவருக்குக் கடவுளே மாதாமாதம் முடியை வளர்த்துக் கொடுத்துவிடுகிறார். மனநல ஆலோசகருக்கு அந்த ஏற்பாடு இல்லை.

ஆகவே இந்தத் தொழிலை வளர்க்கக் கிளம்புகிறவருக்கு முதல் தேவை, மாதம் பிறந்தால் சம்பளம் போடும் வேறொரு வேலை. எனக்கு இருக்கிறது. பகலில் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்குப் பஞ்ச் பண்ணினார், யாருக்கு ஓ.டி., யாருடைய பி.எஃப். கணக்கில் பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் என் கவலை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் அதே ஆள், உளவியல் முதுகலைப் பட்டத்தோடு, ஆலோசகர். வெளியே வேலை பார்க்கக் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்பதால் முறைப்படி எழுதிக் கொடுத்தேன். எம்.டி. இரண்டு முறை படித்தார்.

“டியூஷன் மாதிரிதானுங்களே?”

“கிட்டத்தட்ட அப்படித்தானுங்க.”

கையெழுத்துப் போட்டுவிட்டார். என்ன பாடம் என்று கேட்கவில்லை.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்தத் தொழிலின் மூலவரே இப்படித்தான் ஆரம்பித்தார். சிக்மண்ட் ஃப்ராய்டு வியன்னாவில் சொந்தமாகப் பிராக்டீஸ் தொடங்கியது 1886 ஏப்ரல் 25, ஈஸ்டர் ஞாயிறு. ஊரே கடையடைத்திருக்கும் நாளாகப் பார்த்து ஆரம்பித்திருக்கிறார். பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இல்லை போலிருக்கிறது. அந்த வருஷமே ஒரு குழந்தைகள் மருத்துவ நிலையத்தின் நரம்பியல் பிரிவிலும் சேர்ந்து, வாரத்துக்கு மூன்று நாள் என்று பல வருஷம் போய்வந்தார். அங்கே அவருக்குச் சம்பளம் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் நான் ஃப்ராய்டைவிட மேல்.

அவருக்கு ஒரு சோபாவும் அமைந்தது. நன்றியுள்ள நோயாளி ஒருவர் கொடுத்தது. எனக்கு அமைந்தது ஒரு பல் கிளினிக்கின் இரண்டாவது அறை. டாக்டருக்குக் காலையில் மட்டும்தான் அது தேவைப்படும். சாயங்காலம் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார். அறை நடுவில் பல் பிடுங்கும் நாற்காலி. குழாயோடும் வயரோடும் தரையில் முடுக்கப்பட்டது, நகராது. அதன் தலைமாட்டு விளக்கை மடித்துவைத்துவிட்டு, பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறோம். புதிதாக வருகிறவர்களில் சிலர் பழக்கதோஷத்தில் நேராகப் பெரிய நாற்காலியில் ஏறிச் சாய்ந்து வாயைத் திறந்துவிடுவார்கள். எனக்கு வேண்டியதும் வாயைத் திறப்பதுதான் என்றாலும், அப்படி இல்லை. சுவரில் ஒரு கடைவாய்ப் பல் தன் உள்நரம்பை ஒளிக்காமல் காட்டிக்கொண்டு நிற்கிறது. அழுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் அழ வேண்டும். ஒரு சௌகரியம், அழுது முடித்தால் டிஷ்யூவும் வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

டோக்கன் கொடுப்பது ரிசப்ஷன் அக்கா. ஆரம்பத்தில் ஒருநாள், காத்திருந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று, “பல்லுக்கெல்லாம் இந்தப் பக்கம் உக்காருங்க. மனசுக்கு வந்தவங்க யாருங்க?” என்று கணீரென்று கேட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்காக வந்திருந்த தம்பதி ஸ்கேலிங்குக்கு டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என் ஆட்களுக்கு ‘ரெண்டாம் நம்பர் ரூம்’ என்று பெயர்.

வாசலில் எனக்குப் போர்டு இல்லை. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று எழுத இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும்; அதற்குப் படிப்பு வேறு. எனக்கு ‘ஆலோசகர்’ மட்டும்தான். எங்கள் தெருவில் ஆலோசகர் என்றால் வாஸ்து, இன்ஷூரன்ஸ், கனடா விசா. அந்த வரிசையில் சேர வேண்டாம் என்று விட்டதுதான் பிராக்டீஸுக்கு மூலதனமாகிவிட்டது. 1794-இல் மதராஸில் வேர்விட்ட ஒரு மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஒரே காரணத்துக்காகக் கீழ்ப்பாக்கம் என்ற பேட்டையின் பேரையே வசவாக்கிவிட்டவர்கள் நாம். இந்த ஊரில் மனநல போர்டுக்குக் கீழே யார் வண்டியை நிறுத்துவார்? பல் ஆஸ்பத்திரி வாசலில் எவ்வளவு நேரமும் நிறுத்தலாம். “எங்க போயிட்டு வர்றே?” “பல்லு.” இதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

(இங்கே வருகிறவர் யாரும் உள்ளபடி ஒரே ஆள் இல்லை. பலரைக் கலந்து, ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன். ‘இது நான்தான்’ என்று தோன்றினால், நிச்சயமாக நீங்கள் இல்லை.)

ஃபீஸ் என்பது தனி அத்தியாயம். ஒரு பெண்ணைக் கூட்டிவந்த அப்பா, “பேசறதுக்குக் காசுங்களா?” என்றார். ஆமாங்க என்றேன். “முக்கா மணி நேரம் நானுந்தானுங்க பேசுனேன். எனக்கு யாருங்க தர்றது?” இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஃப்ராய்டு 1913-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குக் கறாராக வழி சொல்லியிருக்கிறார்: வருகிறவர் ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுத்தது போல, வராவிட்டாலும் காசு உண்டு. இதை நான் ஒரு மில் மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தேன். “எங்க மில்லுல வராத நாளைக்குச் சம்பளம் புடிப்பாங்க. நீங்க வராத நாளைக்கும் சம்பளம் கேக்கறீங்களே” என்று சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த வாரம் வரவில்லை. காசும் வரவில்லை. அதே கட்டுரையில் ஃப்ராய்டு, ஏறக்குறைய பத்து வருஷம் தினம் ஒரு மணி நேரத்தை இலவசத்துக்கு ஒதுக்கிப் பார்த்ததாகவும், நினைத்த பலன் இல்லை என்றும் சொல்கிறார். நானாக ஒதுக்காமலே எனக்கு அந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது.

வருகிற காசில் பாதி அறை வாடகை. மீதியில் பெரும்பகுதி என் சூப்பர்வைசருக்கு. கேஸ்களைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் கலந்து பேசுவது இந்தத் தொழிலின் ஒழுங்கு. அதற்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். பகலில் சூப்பர்வைசர்கள் என் முன்னால் வந்து நிற்கிறார்கள். சாயங்காலம் சூப்பர்வைசர் முன்னால் காசு கொடுத்து நான் உட்காருகிறேன். சேவைத் தொழிலில் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு பற்றி யோசிக்க வேண்டுமாம். அந்தத் திசையிலிருந்து எனக்கு இன்னும் காற்றுகூட அடிக்கவில்லை.

ஊசி இல்லை, மாத்திரை எழுத எனக்கு உரிமை இல்லை. கையில் ஒரு சீட்டாவது இல்லாமல் நம் மக்கள் வைத்தியம் நடந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. அதனால் அடுத்த வாரத்துக்குள் செய்துபார்க்க வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தருவேன். ‘காலையில் நடை. ராத்திரி பத்துக்குப் போன் ஆஃப். தம்பியிடம் ஒருமுறை பேசவும்.’ ஒரு பையனின் அப்பா அதை அப்படியே கீழே மெடிக்கல் ஷாப்பில் நீட்டியிருக்கிறார். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை கொடுத்து அனுப்பினார். பையனுக்கு இப்போது பரவாயில்லை. யாரால் என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் டாக்டர் இருப்பதில்லை, அறை எனக்கே. ஆனால் ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். வாழ்க்கையே கசந்துவிட்டது என்று போனில் அழுகிறவர்கூட அந்த நேரத்தைச் சொன்னால் தெளிவாகி, “ஆறே காலுக்கு வரட்டுங்களா?” என்பார். அதையும் மீறி வருகிறவர்கள் நல்ல கட்சிக்காரர்கள். துணைக்கு ஒரு சொந்தக்காரர்கூட அந்த வேளையில் கிளம்பி வர மாட்டார் என்பதால் மனம்விட்டுப் பேசுவார்கள்.

விளம்பரம் என்றால் கூகுள் மேப்பில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதில் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரே ஒரு பாராட்டு: “வலியே தெரியவில்லை. தையல்கூடப் போடவில்லை.” அது பக்கத்து அறைக்குச் சேர வேண்டியது. எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.

கம்பெனி ஆட்களை மட்டும் சாயங்காலம் பார்ப்பதில்லை. ஒரே ஆளுக்கு லீவும் சாங்ஷன் பண்ணி, மனதையும் கேட்க முடியாது. ஆனால் பகலில் தப்பிக்க வழியில்லை. லீவு லெட்டரில் ‘சொந்த வேலை’ என்று எழுதிய மிஷின் ஷாப்காரர், அந்தச் சொந்த வேலை என்ன என்று ஆரம்பித்தால் டீ ஆறிப் பால் ஆடை கட்டிவிடும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதிக் கொடுப்பேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. காசு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் மட்டும், பல் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரும் நான் அதற்குச் செய்கிற விளம்பரம் எனக்கே செய்ததில்லை.

சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இருப்பதால்தான், “இனி நீங்க வர வேண்டியதில்லீங்க, நல்லா இருக்கறீங்க” என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்புகிறது. வாடகை கட்ட வேண்டிய வாரத்தில், எதிரே இருப்பவரின் துக்கம் இன்னும் இரண்டு தடவை தாங்கும் என்று தோன்றாத ஆலோசகர் மகான். நான் மகான் இல்லை, டைம் ஆபீஸ்.

இப்படியாக வளர்ந்தது என்னவென்றால், டாக்டரின் பிராக்டீஸ். வீட்டில் ‘ரூட் கெனால்’ என்று சொல்லிவிட்டு வாராவாரம் வந்த ஒரு பெண்ணிடம் மாமியார், “அந்த ஒத்தப் பல்ல எத்தன மாசந்தான் நோண்டுவாங்க? வாயத் தொற, பாக்கலாம்” என்றிருக்கிறார். அவசரமாக ஒரு ஃபில்லிங் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துத் திருப்தியான மாமியார் தனக்கும் பல் செட் கட்டிக்கொள்ள வந்துவிட்டார். அதுவரை ரெண்டாம் நம்பர் ரூமில் காதால் மட்டுமே கேள்விப்பட்டிருந்த அந்த அம்மாளை அன்று கண்ணால் பார்த்தேன். பரம சாதுவாக உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய அச்செடுக்கும் பேஸ்ட் இருந்தது. அவர் வழியாக அவருடைய தங்கை, தங்கை வழியாக ஒரு திருமண மண்டபமே வந்தது. பல்லுக்குத்தான்.

போன வாரம் டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். “மேடம், அந்தக் கம்பெனி வேலைய விட்டுப்போட்டு முழு நாளும் இங்கயே உக்காந்துடுங்க. வாடகையே வேண்டாமுங்க.”

“பி.எஃப். கட்டுவீங்களா?”

“அதெப்படிங்க?”

“தீபாவளிக்குப் போனஸ்? சட்டப்படி கொறஞ்சது 8.33 சதவீதமுங்க. எங்க கம்பெனியில 20 தர்றாங்க.”

கையுறையைக் கழற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “வேணும்னா உங்களுக்கு ஒரு கிளீனிங் ஃப்ரீயா பண்ணி விடறேனுங்க.”

செவ்வாய்க்கிழமை டோக்கன் போட்டிருக்கிறேன். வீட்டில் கேட்டால் கவுன்சிலிங் என்று சொல்லிக்கொள்ளலாம்.