இடிபட்ட காரின் ஐந்திணை

இடிபட்ட கார் எப்போது வீடு திரும்பும்? லண்டன் கராஜ்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: கீறல் என்றால் ஓரிரு நாள், பம்பரோ கதவோ மாற்றினால் ஓரிரு வாரம், சேசிஸ் வளைந்திருந்தால் மாதக்கணக்கு. இது காரின் காயத்தை அளக்கிறதே தவிர, காத்திருப்பவரின் நெஞ்சை அளப்பதில்லை. தொல்காப்பியர் திணை வகுத்துத் தந்த பிறகும் நாம் கராஜ் நாட்காட்டியை நம்புவது முறையன்று.

முதலில் குறிஞ்சி. ஹேங்கர் லேன் சந்தியில் முன்பின் அறியாத இரண்டு பம்பர்கள் கூடுகின்றன. அகத்தில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்பது மரபு. 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170ஆம் பிரிவோ, உரிய காரணத்தோடு கேட்பவருக்குப் பெயர், விலாசம், வண்டி எண் எல்லாம் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்காதவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லியாக வேண்டும். அலர் தூற்ற ஊர்ப் பெண்டிர் தேவையில்லை, டாஷ்கேம் போதும்.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் தரவில்லை. இழுவை வண்டி காரை ஏற்றிக்கொண்டு போனபின் நாம் நிற்கும் பஸ் ஸ்டாப் அந்தக் குறையைத் தீர்க்கிறது.

நாட்களை விழுங்குவது மருதம்தான். கராஜ் ஒரு தொகை சொல்லும், அது அனுப்பிய படத்தைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனி வேறு தொகை சொல்லும். ஒருவழியாக ஊடல் தணிந்து பம்பரைக் கழற்றினால், உள்ளே ஹெட்லைட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடி முறிந்து தொங்கும். படத்தில் அது இல்லை. மறுபடி படம், மறுபடி அனுமதி. நடுவில் கர்ட்டசி கார் என்ற பரத்தை வேறு. சொந்தக் காரைவிட அது புதிது என்றால் தலைவன் கராஜுக்குப் போன் போடுவதையே குறைத்துக்கொள்வான்.

அனுமதி வந்தாலும் ஹெட்லைட் கடல் தாண்டி வர வேண்டுமே! அது நெய்தல். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்தது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஈஸ்ட் ஹாமில் கடல் இல்லை, இரங்கலுக்குக் குறைவில்லை.

மிஞ்சியது முல்லை. அதற்குரிய கார்காலமும் மாலையும் லண்டனில் தாராளம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆனால் இங்கேதான் ஆய்வாளர் திகைக்கிறார். பட்டி பார்த்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, ஏறத்தாழ 60 டிகிரிச் சூட்டில் அரைமணி நேரம் உலர்த்தினால் அந்த வேலை முடிந்தது. வெள்ளி நிறமென்றால் பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் அடித்து நிறம் சேர்ப்பார்கள். புது வண்டியென்றால் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கேமராவுக்கு எதிரே, அளந்த தூரத்தில் பலகை வைத்துப் பார்வையைச் சரிசெய்வார்கள். கைவேலை சில மணி நேரம், மற்றதெல்லாம் முல்லையின் உரிப்பொருளான காத்திருப்பு. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்ட வண்டியும் இதே வரிசையில்தான் நிற்கிறது.

கிழட்டுக் கார்கள் அகத்தில் அடங்கா. அவற்றுக்கு நிலையாமை பேசும் காஞ்சி. செலவு வண்டியின் விலையை நெருங்கினாலே 'ரைட்-ஆஃப்' என்றுவிடுவார்கள். 2017 அக்டோபர் முதல் அதில் ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகை: ஏ முழுக்க நசுக்க, பி உதிரிபாகம் மட்டும் எடுக்க, எஸ் உடற்கூடு அடிபட்டது, என் உடற்கூடு தப்பியது. இந்தத் திணையில் மட்டும் காத்திருப்பு குறைவு. கர்ட்டசி காரையும் பெரும்பாலும் சில நாளிலேயே திருப்பிக் கேட்டுவிடுவார்கள்.