இந்த வார ஐந்து: பாயிரமும் உரையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என் சித்தப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் ‘இந்த வார ஐந்து’ என்றொரு பட்டியலை வெளியிடுகிறார். அந்த வாரம் வந்த புதுப் பாட்டுகளில் அவருக்குப் பிடித்த ஐந்து. மூன்று ஆண்டாக நடக்கிறது. இதுவரை ஒருவரும் உரை எழுதவில்லை. தமிழில் ஒரு நூல் இத்தனை காலம் உரையில்லாமல் கிடப்பது குடும்பத்துக்கே இழுக்கு என்பதால் நான் துணிந்தேன்.

நூலென்றால் பாயிரம் வேண்டும். சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்று பவணந்தி முனிவர் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். நல்லவேளை. வாராந்தர நூலுக்குக் காலம்தானே பாதி உயிர்.

ஆக்கியோன் கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டியவர் பழைய பாட்டைத்தான் அனுப்புவார் என்ற கொள்கையை எங்கள் குழுவில் தனியாளாக நின்று மறுப்பவர். எல்லை: வடக்கே கொரட்டூர்ப் பெரியம்மா, தெற்கே நாகர்கோவில் அத்தை, மேற்கே துபாய்த் தம்பி; கிழக்கே கடல். யாப்பு ஐந்து, தீபாவளி வாரத்தில் ஏழு வரை நெகிழும். வழி மூன்று: புது மெட்டு முதல்நூல், பழைய பாட்டின் ரீமிக்ஸ் வழிநூல், பழைய பாட்டிலிருந்து நாலு நொடி மட்டும் எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய்விடுவது சார்புநூல். வழிநூல்களைச் சித்தப்பா சேர்ப்பதில்லை. “ஒரிஜினல்தான் வீட்ல இருக்கே” என்பார்.

காலத்துக்கு வருவோம். பாட்டுகளை வாரவாரம் வரிசைப்படுத்தும் வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றியது இலங்கை வானொலியில். 1952இல் அமீன் சயானி அங்கே ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்தி நிகழ்ச்சியைத் தொடங்கினார். புதன்கிழமை இரவு, பற்பசைக்காரர் செலவில். அதே ஆண்டு டில்லியில் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டின் கழுத்தைப் பிடித்தார். வீட்டுக்குள் விடாத பிள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரர் இலை போட்டு, அதுவும் ஒன்று இரண்டு என்று எண் போட்டுப் பரிமாறினார். பிறகு சென்னைத் தொலைக்காட்சி ‘ஒளியும் ஒலியும்’ வழியாக வெள்ளிக்கிழமையைப் பாட்டுக்கு எழுதிக் கொடுத்தது. பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று சிதறிக் கிடந்த புதுப்பாட்டு நாளை உலக இசைத்தட்டுத் தொழில் 2015 ஜூலை 10 முதல் வெள்ளியாக்கியபோது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு டிவி முன் உட்கார்ந்து வளர்ந்த சமூகத்துக்கு அதில் என்ன புதுமை?

வெள்ளியன்று வருவதை ஞாயிறு வரை ஊறவிடுகிறார் சித்தப்பா. இட்லி மாவுக்குக்கூட ஓரிரவுதான்.

தேர்ந்தெடுப்பது அவருக்குப் புதிதல்ல. கேசட் காலத்தில் கும்பகோணத்து ரெக்கார்டிங் கடைக்கு அவர் எழுதிக் கொடுத்த பட்டியல்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. இவ்வாய்வின் முதன்மைச் சான்றுகள் அவைதாம். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது. பாட்டுக்கு நாலரை நிமிடம் வைத்தால் ஆறு பாட்டு, இருபத்தேழு நிமிடம். மிச்ச மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டைத் தேடி ஆக்கியோன் கடை கடையாக அலைந்திருக்கிறார். தவறினால் ஏழாவது பாட்டு இரண்டாம் சரணத்தில் கழுத்தறுபட்டுச் சாகும். ஆனால் அவை வாராந்தரப் பட்டியல்கள் அல்ல. அப்போது ஒரு படத்தின் பாட்டெல்லாம் ஒரே கேசட்டில் பந்தி போல வந்து இறங்கும். இப்போது ஒவ்வொன்றாக வருகிறது, படம் வர நாலு மாதம் இருக்கும்போதே. 2012இல் வந்த படத்தின் ‘கொலவெறி’ 2011 நவம்பரிலேயே ஊரைச் சுற்றிவிட்டதே, அந்த வழி. சிங்கிள் வந்த பின்தான் வாரந்தோறும் பொறுக்குவதற்கு வாரந்தோறும் ஏதாவது இருக்கிறது.

இனி அருஞ்சொற்பொருள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆக்கியோன் ஒரு வரிக் குறிப்பு எழுதுவார். ‘வேற லெவல்’: எந்த லெவலிலிருந்து வேறு என்று கூறாமையின், உய்த்துணர வைத்தார் என்க. ‘ஹெட்போன்ல கேளுங்க’: ஏவல் வினை, ஸ்பீக்கரில் கேட்டால் ஒன்றுமில்லை என்பது பெறப்படும். ‘கேட்கக் கேட்கப் பிடிக்கும்’: இதுவே மிக நுட்பமானது. பிடிக்கும் என்பது எதிர்கால வினைமுற்று. எனவே இப்போது பிடிக்கவில்லை. அது வழக்கத்தையும் குறிக்குமே எனின், ‘கேட்கக் கேட்க’ என்ற அடுக்கு அதை மறுத்து நிற்கும். பிடிக்காததை ஏன் சேர்த்தார்? சந்தோஷ் நாராயணன் பாட்டு என்பதால் சேர்த்தார். பக்தியில் இது வழுவமைதி.

காரணம் பற்றி ஆக்கியோனையே நேரில் கேட்டேன். வாராவாரம் திங்கட்கிழமை ஸ்பாட்டிஃபை முப்பது பாட்டு பொறுக்கித் தருகிறதே, இவர் எதற்கு மெனக்கெட வேண்டும்?

“அது எனக்குப் பிடிச்சத எனக்கே கொடுக்குதுடா. எனக்குப் பிடிச்சத உனக்குக் கொடுக்குமா?”

நான் குறிப்பேட்டை மூடிக்கொண்டேன்.

எஞ்சியிருப்பது கேட்போர். இங்கேதான் நூல் தடுமாறுகிறது. அதே ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. இந்த அளவுகோலால் எங்கள் குழுவை அளந்தால், பெரியம்மா கும்பிடு போடுகிறார், கேட்பதில்லை. துபாய்த் தம்பி கட்டைவிரல் காட்டுகிறான், பட்டியல் வந்த அரை நிமிடத்துக்குள். ஐந்து பாட்டை அதற்குள் கேட்கச் செவிகள் போதா. அத்தை பதிலுக்குக் கந்த சஷ்டி கவசம் அனுப்புகிறார். சித்தி, ஒரே வீட்டில் இருந்தும், நீல டிக் மட்டும். “எனக்கு இந்த டமடம எல்லாம் வேண்டாம்” என்பது மூன்றாண்டாக மாறாத அவர் பாடம்.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை, தேங்காய் துருவிக்கொண்டே சித்தி முனகியது மூன்றாம் பாட்டின் சரணம். பல்லவி என்றால் ரீல்ஸில் தொற்றியிருக்கும் என்று விட்டுவிடலாம். சரணம். கேட்டதற்கு, சமையலறை டிரான்சிஸ்டரில் போட்டார்கள் என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை; பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அந்த டிரான்சிஸ்டரின் பேட்டரிகள் தை மாதமே டிவி ரிமோட்டுக்குப் போய்விட்டன என்பது மட்டும் கள ஆய்வில் உறுதியாயிற்று.