மணி என்னும் சொல்லின் பொருளும் மதிப்பும்

1. ஆய்வுப்பொருள்

விலையுயர்ந்த கற்களைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்களுள் மிகுதியாக உழைப்பது 'மணி' என்னும் ஈரெழுத்துச் சொல்லே ஆகும். அரதனம், இரத்தினம் போன்றவை தத்தம் எல்லைக்குள் அடங்கி நிற்க, மணி மட்டும் கழுத்தில் கிடக்கும் அணியையும், கோயிலில் அடிக்கும் கருவியையும், அலுவலகத்துக்குத் தாமதமாகிவிட்டதை உணர்த்தும் கால அளவையும், கதிரில் விளையும் நெல்லையும், கண்ணின் நடுவில் உள்ள பாவையையும், எதிர்வீட்டு நாயையும் ஒருங்கே குறித்து நிற்கிறது.

நிகண்டு என்பது சொற்பொருளைச் செய்யுளில் தொகுத்துக் கூறும் நூலாகும். அவற்றுள் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தவை இத்தகைய சொற்களுக்கென்றே பதினோராம் இடத்தில் 'ஒரு சொல் பல்பொருட் பெயர்த் தொகுதி' என்னும் பகுதியை ஒதுக்கியுள்ளன. மண்டலபுருடர் தம் நிகண்டுக்குச் 'சூடாமணி', அதாவது தலையில் சூடும் மணி, என்றே பெயரிட்டார். சொற்களுக்குப் பொருள் கூற வந்த நூலும் தன் பெயருக்கு இச்சொல்லிடமே கடன்பட்டிருப்பது கருதத்தக்கது.

2. கல்லாகிய மணி

மணி என்பது ஒன்பான் மணிகளுக்கும் பொதுப்பெயர். ஆயினும் சிறப்பாகச் சுட்டும்போது அது எந்தக் கல் என்பதில் தெளிவு இல்லை. திருமாலை மணிவண்ணன் என்றும் சிவனை மணிமிடற்றோன் என்றும் கூறுமிடத்து அது நீலக்கல்லாகிறது. வடமொழியும் நாட்டுமொழியும் கலந்த நடையைக் குறிக்கும் 'மணிப்பிரவாளம்' என்னும் தொடரிலோ, பவளத்தின் அருகில் வைக்கப்படும் சிவந்த மாணிக்கமாகிவிடுகிறது. இரண்டும் செந்நிறம் ஆதலின் கோத்த இடம் தெரியாமல் கலந்து விளங்கும் என்பது, பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தில் எழுந்த லீலாதிலகம் என்னும் இலக்கண நூல் வழியாக அறியப்படும் விளக்கம்.

நீலத்துக்கும் சிவப்புக்கும் ஒரே பெயர் பொருந்துமா என்று வினவுவார்க்குக் கனிமவியல் விடை தருகிறது. நீலமும் மாணிக்கமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் இரு நிறங்களே. அலுமினிய ஆக்சைடாகிய அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமும் தோன்றும். குருந்தம் என்னும் தமிழ்ப் பெயரையே மேலைநாட்டார் 'கொரண்டம்' என்று வாங்கிக்கொண்டனர். இதைக் கொண்டு, பெயரிட்ட முன்னோர் வேதியியலில் கரைகண்டவர்கள் என மேடைதோறும் முழங்குவார் உளர். சிப்பியின் உடலில் விளையும் முத்தையும், கடலுயிரிகளின் கூடாகிய பவளத்தையும் கற்களின் வரிசையில் அமர்த்தியவர்களும் அதே முன்னோரே என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

தொல்லியலாளரின் இலக்கணம் இவற்றினின்று வேறானது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் கல்மணிகள் செய்த தொழிற்கூடங்களின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அங்கு ஒரு பொருள் மணி எனப்படுவதற்கு நூல் கோப்பதற்குரிய துளை வேண்டும். துளை இருப்பின் சுட்ட மண்ணும் மணியே. நகைக்கடையிலோ மோதிரக் கல்லில் ஒரு துளை தென்பட்டால் அதை யாரும் கையால் தொடார். ஆகவே ஒரு துறையில் இலக்கணமாவது மற்றொரு துறையில் குற்றமாகிறது.

3. ஒலியும் காலமும்

உலோகத்தால் செய்து நாக்குக் கட்டிய கருவியும் மணி எனப்படும். மனுநீதிச் சோழன் கதையில் பசு இழுத்ததாகச் சொல்லப்படும் ஆராய்ச்சி மணி இவ்வகையினது. இக்கருவியை அடித்துப் பொழுதை அறிவித்த வழக்கத்தால், 24 நிமிடம் கொண்ட நாழிகை இரண்டரை சேர்ந்த கால அளவும் 'மணி' என்று பெயர் பெற்றது. ஒலி நின்று அலைபேசியில் எண்கள் மட்டும் ஒளிரும் இக்காலத்தும், 'பத்து மணி அடித்துவிட்டது' என்று கூறுவது மரபு வழுவமைதியாகக் கொள்ளப்படும்.

கைக்கடிகாரம் கட்டும் இடமாதலின் 'மணிக்கட்டு' எனப் பெயர் வந்தது என்பாரும் உளர். கடிகாரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வடமொழியார் அவ்விடத்தை மணி கட்டும் இடம் என்னும் பொருளில் 'மணிபந்தம்' என்றதால் இக்கொள்கை நிற்காது. அதேபோல், 1880இல் அஞ்சல் துறை தொடங்கிய 'மணியார்டர்' என்பதையும் 'மணிபர்ஸ்' என்பதையும் காட்டி, செல்வத்துக்கு மணி எனப் பெயர் உண்டு என வாதிடுவதும் பொருந்தாது. அவை ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் ஒளிந்து நிற்கும் போலிகள்.

4. பெயராகிய மணி

மணிகண்டன் என்னும் பெயர் சிவனுக்கு வருமிடத்து நீலக் கழுத்தையும், ஐயப்பனுக்கு வருமிடத்துக் கழுத்தில் மணி கட்டப்பட்ட குழந்தையையும் குறிக்கும். சுப்பிரமணி என்பதில் மணி இருப்பது போலத் தோன்றினும், அது 'சுப்பிரமண்ய' என்னும் வடசொல்லின் திரிபு; அங்குக் கல் இல்லை. ஆயினும் மணிகண்டன், மணிமாறன், வீரமணி, சுப்பிரமணி ஆகிய நால்வரும் வீட்டில் மணியே.

தேநீர்க் கடை வாயிலில் நின்று ஒருவர் 'மணி' என்று உரக்க அழைப்பாராயின், கண்ணாடிக் குவளை கழுவும் இளைஞர் 'இதோ வந்துட்டேண்ணே' என்பார். பெஞ்சில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர் தம்மை நேரம் கேட்டதாகக் கருதிக் கையைத் திருப்பிப் பார்த்து 'ஏழே கால்' என்பார். பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கும் நாய் வாலை இருமுறை ஆட்டிவிட்டு, ரொட்டி இல்லை என்று கண்டு மீண்டும் கண்ணை மூடிக்கொள்ளும். மூவரும் பிழை செய்தவரல்லர். சொல்லின் பொருளை இடம், காலம், சூழல் ஆகியவற்றால் துணிய வேண்டும் என்னும் விதியை மூவருள் முழுமையாகக் கடைப்பிடித்தது நாயே.

5. ஒருபொருட் பன்மொழி

மணி, இரத்தினம், கல் ஆகியவை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று அகராதிகள் சொல்கின்றன. கடைவீதி வழக்கு இதை மறுக்கிறது. கெம்புக்கல் பதித்த அட்டிகை ஒன்றை எடுத்துக்கொண்டால், விளம்பரப் பலகையில் அது 'நவரத்தினம்'. சோதிடர் நாவில் 'ராசிக்கல்'. விலைச்சீட்டில் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் இடையில் 'கல்'. அதே அட்டிகை அவசரத் தேவைக்கு அடகுக்குச் செல்லும்போது, மதிப்பீட்டாளர் அதை எடைபோட்டு, கல்லின் எடையைக் கழித்து, எஞ்சிய தங்கத்துக்கு மட்டும் கணக்குப் போடுவார். அங்கு அதன் பெயர் 'கழிவு'.

அளவைப் பெயர்களிலும் இம்மயக்கம் உண்டு. வைர வணிகத்தில் 200 மில்லிகிராம் ஒரு காரட். அதன் நூறில் ஒரு பங்கு சென்ட். 'பத்து சென்ட் கொடுப்பதாகச் சம்பந்தி சொன்னார்' என்னும் தொடரில் அது தோட்டின் வைரமா, புறவழிச்சாலை அருகில் உள்ள மனையா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளாததால் உறவுகள் கசக்கக்கூடும். பொற்கொல்லர் தலைமுறை தலைமுறையாக நம்பி எடையிட்டதோ குன்றிமணி என்னும் விதையை. நஞ்சுள்ள அக்கொட்டை இரத்தினமும் அன்று, கல்லும் அன்று. இருந்தும் தட்டில் அது சொன்ன எடையே செல்லுபடியாயிற்று.

6. முடிபு

மேற்கூறியவற்றால், மணியின் பொருள் கல்லிலோ அகராதியிலோ தங்கியிருக்கவில்லை என்பதும், சொல்பவர் வாங்க வந்தவரா, விற்க வந்தவரா, அடகு வைக்க வந்தவரா என்பதைப் பொறுத்தே அது தீர்மானமாகிறது என்பதும் பெறப்படும். எனவே இனி இயற்றப்படும் நிகண்டுகளில் ஒவ்வொரு பெயரோடும் அது கடையின் எந்தப் பக்கத்தில் நின்று சொல்லப்படுகிறது என்னும் குறிப்பும் இடம்பெற வேண்டும். வணிகச் செய்திகள் செய்யுளுக்கு அடங்கா என்று புலவர் சிலர் தயங்கலாம். செய்கூலியும் சேதாரமும் மோனையில் இயல்பாகவே பொருந்தி நிற்பதால், விருத்தம் யாப்பதற்குத் தடை ஏதும் இல்லை.