தைக்காவிட்டால் சோபாவுக்கு

அக்கா மகள் மிஸ்ஸிசாகாவிலிருந்து போன வாரம் வாட்ஸாப்பில் கேட்டாள்: "சித்தி, குரோஷா போன்சோல்லாம் இன்னும் ஃபேஷன்ல இருக்கா?" கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

அந்த நிமிஷம் என் மடியில் கிடந்ததே குரோஷா போன்சோதான். அவள் கேட்டு, அவள் படம் அனுப்பி, அவள் நிறம் சொல்லி ("செங்கல் கலர் சித்தி, மெரூன் இல்ல, ஆரஞ்சு சுத்தமா இல்ல"), நான் பாரிமுனை வரை போய் நூல் வாங்கி வந்து போட்டுக்கொண்டிருந்த போன்சோ. நடுவில் நூல் தீர்ந்து மறுபடி போனால் அதே நம்பர், அதே கம்பெனி, ஆனால் சாயம் வேறு. பகலில் பார்த்தால் தெரியாது, டியூப்லைட்டில் பார்த்தால் நடுவில் ஒரு கோடு தெரியும். வேறு வழியில்லாமல் பழைய நூலில் ஒரு வரி, புது நூலில் ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் போட்டு அந்தக் கோட்டை ஒழித்தேன். இவ்வளவும் ஆன பிறகு ஃபேஷனில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறாள். வேண்டாம் என்று நேராகச் சொல்ல வாய் வராதவர்கள்தான் இப்படிப் பொதுவாகக் கேள்வி கேட்பார்கள்.

கேட்டுவிட்டாள், பதில் சொல்லவேண்டியது என் கடமை. அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன்சோவின் பூர்வீகம் ஆண்டிஸ் மலைப் பக்கம். ரோமத்தைத் தறியில் நெய்து, நடுவில் தலை நுழைய ஒரு பிளவு விட்டு, குளிருக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் போடுகிறார்கள். சிலியின் மாப்புச்சே மக்களோ, குதிரைமேல் உட்கார்ந்து மாடு ஓட்டும் அர்ஜென்டினா கௌச்சோக்களோ, இந்த வருஷமும் இதைப் போடலாமா என்று சித்திக்குச் செய்தி அனுப்பியதாகத் தெரியவில்லை. 1964-இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதை மாட்டிக்கொண்டு, வாயில் சுருட்டோடு வந்து நின்றார். ஓரத்தை ஒதுக்கினால் உள்ளே துப்பாக்கி. இதெல்லாம் நெய்தது, ஓட்டை கழுத்துக்கு மட்டும்தான். அப்புறம் அமெரிக்காவில் அதையே குரோஷாவில் போட ஆரம்பித்தார்கள். எழுபதுகளில் அங்கே அது பெரிய மோகம். குரோஷா என்றால் உடம்பெல்லாம் ஓட்டை. குளிருக்காகப் பிறந்த சட்டைக்குள் குளிர் தாராளமாகப் போய்வர வழி செய்துகொடுத்தாயிற்று. அக்கா மகள் இருக்கும் கனடாவில் இதன் மேல் கோட்டும் போட முடியாது, கோட்டின் மேல் இதையும் போட முடியாது. இதை அவளிடம் முதலிலேயே சொன்னேன். "லுக்குக்குத்தான் சித்தி" என்றாள்.

எழுபதுகளோடு மலையேறிப் போனது 2004 வாக்கில் திரும்பி வந்தது. மறு வருஷம் மார்ச்சில் மார்த்தா ஸ்டூவர்ட் புண்ணியம் கட்டிக்கொண்டார். அமெரிக்கர்களுக்கு மேஜை விரிப்பதிலிருந்து தோட்டம் போடுவது வரை கற்றுக்கொடுத்தே கோடீஸ்வரியானவர், பங்கு விற்ற விவகார விசாரணையில் பொய் சொன்ன வழக்கில் 5 மாதம் ஆல்டர்சன் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். மேலே சாம்பல் நிறக் குரோஷா போன்சோ. கூட இருந்த கைதி ஒருவர் போட்டுக் கொடுத்தது. சில நாளிலேயே ஒரு நூல் கம்பெனி அதே மாதிரி ஒன்றுக்கு பேட்டர்ன் எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஜெயிலிலிருந்து வெளியே வந்த அம்மாளைப் பார்த்து ஊரே ஊசியும் நூலுமாக உட்கார்ந்தது. ஃபேஷனை யார் தீர்மானிக்கிறார்கள் என்று இனிமேல் என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நமக்கு போன்சோ புதுசே இல்லை. நம் வீடுகளில் முதன்முதலில் அதைப் போட்டுக்கொண்டது டிவி.

எங்கள் வீட்டு டயனோராவுக்கு அத்தை போட்ட கவர் வெள்ளை ஆங்கர் நூலில், நடுவில் அன்னாசிப்பழ டிசைன், ஓரமெல்லாம் குஞ்சம். அந்த டிவிக்கு ஏற்கெனவே கதவு உண்டு, கதவுக்குப் பூட்டும் உண்டு. அதன்மேல்தான் கவர். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' ஆரம்பிக்கும்போது கவரை எடுத்துவிட முடியாது. எடுத்தால் மடிக்க வேண்டும், மடித்தால் அன்னாசிப்பழத்தில் மடிப்பு விழும். ஆகவே மேலே தூக்கிவிடுவோம். இரண்டாவது பாட்டில் அது மெதுவாகச் சரிந்து கதாநாயகியின் நெற்றியில் குஞ்சம் கட்டும். தூக்கிப் பிடித்துக்கொள்ள வீட்டில் கடைக்குட்டியை நிறுத்துவார்கள். எங்கள் வீட்டில் கடைக்குட்டி நான். அந்தக் காலத்துப் பாட்டுகள் எல்லாமே எனக்குப் பக்கவாட்டில்தான் தெரியும்.

டிவியோடு நின்றதா? டெலிபோனுக்குக் கவர், டயல் இருக்கும் இடத்தில் வட்டமாக ஓட்டை. ரிசீவருக்குத் தனி உறை. அடித்தால் எடுப்பதற்குள் எதிர்முனைக்காரர் வைத்துவிடுவார். ரேடியோவுக்குக் கவர், டேப்ரெக்கார்டருக்குக் கவர், மிக்ஸிக்குக் கவர். ஃபிரிஜ்ஜுக்குத் தலைக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று. ஃபிரிஜ் கைப்பிடிக்கு எந்த ஊரில் குளிரும்? பால் குண்டானுக்கு ஓரத்தில் மணி கோத்த வட்டக் கவர், இது ஒன்றுதான் ஈ உட்காராமல் தடுத்தது, உருப்படியான வேலை. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பாவாடை. தையல் மெஷினுக்குக் கவர். துணி தைக்கிற மெஷினே கையால் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சோபாவின் முதுகில் விரிப்பு, தேங்காய் எண்ணெய்த் தலைகள் படாமலிருக்க. விரிப்பில் எண்ணெய் படாமலிருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்டிக். விருந்தாளி வந்தால் பிளாஸ்டிக்கை எடுப்போம், விரிப்பையும் எடுப்போம், வந்தவர் வெறும் சோபாவில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

கல்யாணத்துக்கு வாங்கிய வி.ஐ.பி. சூட்கேஸுக்கு அத்தை ஒன்று போட்டாள். அந்தப் பெட்டி ஜென்மத்தில் ரயில் ஏறவில்லை, கவர் கழற்ற மனசு வராமல்.

பிறகு டிவி தட்டையாகிப் போச்சு. விரல் தடிமன் டிவியின் தலையில் எந்தக் கவர் நிற்கும்? போட்டாலும் பின்பக்கமாக விழுகிறது. செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று போட்டேன். கேபிள்காரப் பையன் இரண்டு விரலால் அதை ஓரமாகப் பிடித்துத் தூக்கி, "மேடம், இது சூடாகும், மூடாதீங்க" என்றான். மோடத்துக்கும் அதே தீர்ப்பு. மூட ஒன்றுமே இல்லாத நிலைமையில்தான் அக்கா மகள் தன் உடம்பைக் கொடுத்தாள். கழுத்து ஓட்டையோடு கூடிய டிவி கவர்தான் போன்சோ. இங்கே டயல் ஓட்டையே போட்டவர்களுக்குக் கழுத்து ஓட்டை ஒரு வித்தையா? வீட்டுக்காரர்கூட மடியைப் பார்த்துவிட்டு, "வாஷிங் மெஷினுக்கா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

போன்சோவில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, அதை எந்த ஃபேஷன் பத்திரிகையும் எழுதுவதில்லை. அளவு பார்க்க, தைக்காமல் ஊக்கு குத்தி நானே மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். எட்டி உப்பு ஜாடியை எடுத்தேன். குஞ்சம் சாம்பாருக்குள் போய்விட்டு வந்தது. கையைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் கூடவே வருகிறது, இறக்கினால் அடுப்பில் இருப்பதையெல்லாம் தடவுகிறது. ஈஸ்ட்வுட்டுக்கென்ன, சமைத்தாரா?

எரிச்சல் ஃபேஷன் போனதில் இல்லை. போகட்டும். குரோஷாவுக்கு இன்றுவரை ஆலையில் ஓடும் மெஷின் கிடையாது. பின்னலாடைக்கு உண்டு, குரோஷா மாதிரித் தெரிகிற போலிக்கும் உண்டு, அசல் குரோஷாவை ஒரு கொக்கி ஊசியும் ஒரு கையும்தான் போட்டாக வேண்டும். ஆகவே ஷாப்பிங் மாலில் தொங்கும் அசல் குரோஷா மேல்சட்டை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஊரில் ஒரு பெண் கழுத்து வலியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஆந்திராவின் நரசாபூரில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த இந்த வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக்குப் போட்டு அனுப்புகிறார்கள். அவர்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். நாள் முழுக்க உழைக்கும் அந்தப் பெண்களை, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ போடுகிறவர்கள் என்று கணக்கு வைத்தால் கூலியைக் குறைத்துக் கொடுக்க எவ்வளவு வசதி என்று அதில் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தில் அதிசயம் எதுவும் இல்லை. "நல்லா டைம்பாஸ் ஆகும் இல்ல?" என்று என்னைக் கேட்காத ஆள் இந்த அபார்ட்மென்டில் யார்?

எங்கள் ஊர்ப் பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் க்ரோஷே குயீன்ஸ்' என்ற குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். சென்னையில், போர்வை! அவர்களிடம் போய் யாரும் ஃபேஷனா என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கேட்டிருந்தால் அந்தப் போர்வையையே மேலே போட்டிருப்பார்கள்.

நான் பதில் அனுப்பவில்லை. நீல டிக் விழுந்துவிட்டது அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து, "சும்மாதான் கேட்டேன் சித்தி, நீங்க போட்டு முடிச்சு வைங்க, திரும்ப ட்ரெண்ட் வரும்" என்று ஆறுதல் வந்தது. இருபது முப்பது வருஷத்துக்கு ஒரு தரம் வருவது. எனக்கு அறுபத்து மூன்று.

பிரித்துவிடலாம்தான். பிரித்த நூல் சுருள் சுருளாகவே நிற்கும். நனைத்து, அடியில் பாரம் கட்டிக் கொடியில் தொங்கவிட்டால்தான் நேராகும். கொடியில் இடம் இல்லை. நல்ல வேளையாக இந்த மாடல் போன்சோ என்பது வெறும் இரண்டு செவ்வகம். ஒன்றின் அகல ஓரத்தை மற்றதன் நீள ஓரத்தோடு வைத்து, அதையே திருப்பி இன்னொரு தரம் தைத்தால் நடுவில் தானாகக் கழுத்து விழும். இன்னும் தைக்கவில்லை. தைக்காவிட்டால் சோபாவின் முதுகுக்கு இரண்டு விரிப்பு.

இதற்கிடையில் மூன்றாம் மாடி மாமி வந்தாள். தண்ணீர் கேன் கவிழ்த்து வைக்கிற பபிள்டாப் வெறுமனே நிற்கிறதாம், பார்க்க நன்றாக இல்லையாம். "நூல் காசு குடுத்துடறேன், நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்றாள். எனக்கு உச்சி வரை ஏறியது. கைக்கூலி இவ்வளவு, பாதி முன்பணம், நூல் தனி என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். முறைத்தாள், படியேறப் போனாள், திரும்பி வந்து ஐந்நூறு ரூபாயை மேஜையில் வைத்தாள்.

மேலே போய் அளவு எடுத்தாயிற்று. குழாய்க்கு இரண்டு ஓட்டை விட வேண்டும். கீழே குஞ்சமும் வேண்டுமாம்.