மாடு ஒன்று, நாடு மூன்று

மச்சினன் ஹூஸ்டனில், கொழுந்தியாள் லண்டனில், நாங்கள் மெல்பர்னில். மூன்று வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வேகும். மூன்று வீட்டுக்கும், மார்த்தாண்டத்தில் இருக்கும் மாமிக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் சமையல் குறிப்பு பரிமாற ஆரம்பித்த நாளிலிருந்து குடும்ப ஒற்றுமை கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

ஊரில் இந்தத் தொல்லை இல்லை. எலும்போடா, எலும்பில்லாமலா என்று கேட்பார்கள். வெட்டுகிறவர் முகம் தெரிந்தவரென்றால் நல்ல கறி, இல்லையென்றால் வெறும் கறி. அதற்கு மேல் மாட்டைப் பற்றி அறிவு தேவைப்படாமலே அரை ஆயுளை ஓட்டியவன் நான்.

முதல் சண்டை சர்லாயினில் வந்தது. மாட்டின் முதுகை விலாவிலிருந்து வால் பக்கமாகத் தடவிக்கொண்டே போனால் (நான் காகிதத்தில்தான் தடவினேன்) விலா முடிந்ததும் ஒரு மெத்தென்ற பகுதி வரும். கொழுந்தியாள் ஊரில் அதுதான் சர்லாயின். மச்சினன் ஊரில் அதற்குப் பெயர் ஷார்ட் லாயின். இன்னும் பின்னால் போய் இடுப்பைத் தொட்டால் அமெரிக்க சர்லாயின் ஆரம்பம். அதையே லண்டனில் ரம்ப் என்கிறார்கள். அமெரிக்காவில் ரம்ப் ரோஸ்ட் கேட்டால் அதற்கும் பின்னால், தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து தருவார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டும்போது பெயர்கள் எல்லாம் ஆளுக்கொரு வீடு தள்ளிக் குடிபோய்விட்டன. அண்ணனும் தங்கையும் ஒரே குறிப்பைப் பார்த்து வேறு வேறு கறியைச் சமைத்துவிட்டு, உப்பு கூடிற்றா குறைந்ததா என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

நடுவர் வேலையை நான் ஏற்றேன். எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் எதற்கும் அட்டவணை போடத் தெரியும். வீட்டில் எனக்குக் கொஞ்சநஞ்சம் இருக்கும் மரியாதைக்கு அதுதான் ஆதாரம்.

ஆஸ்திரேலியா பிரிட்டிஷ் வழி வந்த நாடுதானே, லண்டன் பேரே இங்கும் செல்லும் என்று அட்டவணையின் மூன்றாவது கட்டத்தை அலட்சியமாகத்தான் ஆரம்பித்தேன். சிட்னியில் செல்லும். எங்கள் மெல்பர்னில் அதே துண்டு, எலும்பு நீக்கி, போர்ட்டர்ஹவுஸ் என்று படுத்திருக்கிறது. படமெடுத்து குரூப்பில் போட்டேன்.

“அத்தான், எலும்பு எங்க? உங்களை நல்லா பறிச்சிட்டான்” என்றான் மச்சினன்.

அவன் ஊரில் போர்ட்டர்ஹவுஸ் என்றால் ‘டி’ எழுத்து மாதிரி எலும்பு, ஒரு பக்கம் முதுகுக்கறி, மறுபக்கம் டெண்டர்லாயின். அந்த டெண்டர்லாயின் 1.25 அங்குல அகலமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. அரை அங்குலத்தைத் தாண்டி அவ்வளவுக்கு எட்டாவிட்டால் அது வெறும் டி-போன். கல்யாணச் சம்பந்தத்தில்கூட இத்தனை அளவு பார்த்து நான் கண்டதில்லை. டெண்டர்லாயினை லண்டனிலும் இங்கேயும் ஃபில்லெட் என்பார்கள். சரி, அதையாவது நம்பலாமென்றால் எங்கள் ஊரில் ஸ்காட்ச் ஃபில்லெட் என்று ஒன்று இருக்கிறது. அது ஃபில்லெட்டே இல்லை, மற்றவர்களின் ரிப்-ஐ. ஸ்காட்லாந்திலிருந்து வந்ததும் இல்லை.

ஊர்ப் பெயர் வைத்த எதையும் நம்பாதே என்று அட்டவணைக்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன். எழுதியும் என்ன? அடுத்த வாரமே மச்சினன் தங்கையை ‘லண்டன் ப்ராய்ல்’ செய்யச் சொன்னான். அவள் லண்டன் கறிக்கடையில் போய்க் கேட்க, அங்கே யாரும் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் அது ஒரு சமைக்கும் முறை. கடைக்காரர்கள் வயிற்றுப்பக்க ஃபிளாங்க்கையோ உள்தொடையையோ அந்தப் பேரில் விற்கிறார்கள். உள்தொடை அங்கே டாப் ரவுண்ட், லண்டனில் டாப்சைட்.

எனக்குப் பிடித்தது தோள்பட்டைக் கறிதான். எங்கள் கடையில் ஆய்ஸ்டர் பிளேட்: சிப்பி இல்லை. லண்டனில் ஃபெதர் பிளேட்: இறகு இல்லை. நடுவில் ஓடும் ஜவ்வை எடுத்துவிட்டு இரண்டாகப் பிளந்தால் அமெரிக்காவில் ஃபிளாட் அயர்ன்: இஸ்திரிப்பெட்டியும் இல்லை. இந்தக் கண்டுபிடிப்பை நான் பரவசத்தோடு விளக்கிக்கொண்டிருக்கையில், ஸ்டேக் போடவென்று பொறுக்கி வாங்கிவந்த துண்டை என் மனைவி ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, தேங்காய்க்கொத்து, குருமிளகோடு குக்கரில் போட்டு விசில் வைத்துவிட்டாள். போர்ட்டர்ஹவுஸுக்கும் அதே கதிதான். எந்த நாட்டுப் பெயரோடு வந்தாலும் எங்கள் வீட்டில் குடியுரிமை குக்கருக்குள்தான்.

“குழம்புக்கு நல்லா ஓடி உழைச்ச கால்கறிதான் வேணும்; முதுகு குக்கருல திப்பியாப் போயிரும். விலையும் பாதிதான்” என்று அவள் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவருகிறாள். லண்டனில் ஷின், அமெரிக்காவில் ஷாங்க், இங்கே கிரேவி பீஃப் என்று மூன்று பேரையும் உடனே ஒப்பித்தேன். வாங்கிவரச் சொன்னதற்கு அதுவா பதில் என்றாள்.

கடைசியில் ஏற்றுமதிக்காரர்கள் பெயரோடு எண்ணையும் வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆஸ்திரேலிய இறைச்சிக் கையேட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் நாலிலக்க எண் உண்டு. இந்த சர்லாயின், போர்ட்டர்ஹவுஸ் வம்பெல்லாம் அதில் 2140. டெண்டர்லாயின் 2150. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த மாட்டிறைச்சித் தரநிலையிலும் இதே எண்கள்தான். அமெரிக்கர்கள் மட்டும் தனியே 180, 189 என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மச்சினன் குணம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இனி குடும்பத்தில் எண்ணாலேயே பேசுவோம் என்று தீர்மானித்து, விளக்கம் பிறகு எழுதலாமென்று முதலில் எண்ணை மட்டும் குரூப்பில் போட்டேன்: 2140.

அடுத்த நிமிடம் மார்த்தாண்டத்திலிருந்து மாமியின் போன்.

“மருமவனே, ஓடிபி நம்பரை யாருக்கும் சொல்லப்பிடாதுன்னு பேங்குல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு. நீங்க என்னன்னா குரூப்புல போட்டு வச்சிருக்கீங்க! சட்டுன்னு அழிச்சிருங்க. என் மவன் பாத்துட்டான்.”