மாலத்தீவு நீர்மேல் விடுதி: உயிர்களின் வகையியல்

தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுத்தது. மாலத்தீவின் நீர்மேல் விடுதிக்கு அம்முறை உதவாது. இங்கே ஆறறிவு உயிர் கண்ணாடித் தரையில் குப்புறப் படுத்து, நாலறிவு நண்டை வாய்பிளந்து பார்க்கிறது. ஆகவே வாடகையை அளவுகோலாகக் கொள்கிறோம்.

1. வாடகை தருவன

இவை இருவகைப்படும். மிதப்பன: ஸ்நார்க்கல் குழாயோடு நீர்மட்டத்தில் கிடக்கும், முதுகு சிவந்திருப்பது அடையாளம். மூழ்குவன: டேங்க் சுமந்து, சட்டம் அனுமதிக்கும் 30 மீட்டர்வரை இறங்கும். இதன் உட்பிரிவான காற்றுண்ணி, படபடப்பில் மூச்சை வாரியிறைப்பது. மற்றவர்களுக்குப் பாதி டேங்க் மீதமிருக்கையிலேயே இதன் காற்றழுத்தமானி முள் 50 பாரைத் தொடும். டைவ் மாஸ்டரின் கண்கள் முகமூடிக்குள் ஒருமுறை மூடித் திறக்கும். ஆனால் மான்டா திருக்கைகள் இரைக்குக் கூடும் ஹனிஃபாரு விரிகுடாவில் டேங்குக்குத் தடை. அங்கே மிதப்பனவே உயர்குடி.

2. வாடகை தராதன

கருமுனைச் சுறாக்குட்டிகள் வில்லாவின் கால்களுக்கிடையே வளரும். 2010இல் சுறாப்பிடிப்புக்கு நாடு முழுதும் தடை வந்தது. அஞ்சாளை வாயைத் திறந்து மூடுவது மிரட்ட அன்று, மூச்சுவிட. அஞ்சத்தக்கது டைட்டன் கிளாத்தி. முட்டைக் காலத்தில் கூட்டுக்கு மேலே கூம்பாக விரியும் நீர் முழுதும் அதன் பட்டா நிலம். மேல்நோக்கித் தப்புவோர் கடிபடுவர்; பக்கவாட்டில் நீந்துவோர் பிழைப்பர்.

3. வேலை செய்வன

துப்புரவு மீன் திருக்கையின் உடலில் ஒட்டுண்ணி பொறுக்கும். கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்து மணலாகக் கழிக்கும். தேனிலவுத் தம்பதியர் வெறுங்காலோடு நடக்கும் வெண்மணலில் பெரும்பங்கு இதன் உபயம்.

அற்றேல், பவளம் எவ்வகைத்து எனின், அதுவே வீட்டுக்காரர் என்க. தன் திசுவுக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, அது தயாரிக்கும் சர்க்கரையை வாடகையாகப் பெற்று வாழும் விலங்கு அது. 1998இலும் 2016இலும் நீர் சூடேறியபோது குடித்தனக்காரர் வெளியேற, வீட்டுக்காரர்கள் வெளுத்துப் பட்டினி கிடந்தனர், பலர் மாண்டனர்.

முதல் வகையின் ஓரிரவுக் கட்டணத்தில் அறை உண்டு, உணவு உண்டு, தலைக்கு இவ்வளவு என்று பசுமை வரியும் உண்டு. நீரைச் சூடாக்கிய விமானப் புகைக்கு மட்டும் இன்னும் யாரும் பில் போடவில்லை.