மிச்சம் ஆறு என்றால் கழுதை

கேள்வி: நரிக்குடிப் பக்கம் ஒரு காலிமனை. நாலு பக்கமும் நூறு நூறு அடி. 23 சென்ட் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: டேப்பைக் குறுக்கே பிடித்துவிட்டு நம்புங்கள். கயிற்றுக்கட்டிலின் சட்டங்கள் நீளம் மாறாமலே கோணிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நாற்கரத்தின் கோணங்களைக் கூட்டினால் 360 பாகை. ஆளுக்கு 90 என்று பங்கு போட்டே ஆகவேண்டும் என்றில்லை. உங்கள் மனையில் ஒரு மூலை 60 பாகைக்குச் சாய்ந்திருந்தால் பரப்பு 8,660 சதுர அடிதான். சென்ட்டுக்கு 435.6 என்று வகுத்தால் இருபதுகூடத் தேறாது. மூலைக்கு மூலை 141 அடி 5 அங்குலம் வந்தால் மட்டுமே சதுரம். முக்கோணம் இப்படிக் கோணாது. அதனால்தான் சர்வேயர் புலப்படத்தில் மூலைவிட்டம் இழுத்து, நிலத்தை முக்கோணங்களாக்கி அளக்கிறார். ‘குறுக்கே சீமைக்கருவேல் மறிக்குதே’ என்பார் தரகர். அந்த முள்ளுக்குள்தான் மூன்று சென்ட் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: 30 அடிக்கு 23 அடி வீடு. சுற்றளவை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்த மேஸ்திரி, ‘மிச்சம் ஆறு, கழுதை யோனி’ என்கிறார். ஓர் அடி கூட்டட்டுமா?

பதில்: கூட்டினால் நாய். இரண்டடி கூட்டினால் புகை, மூன்றடி கூட்டினால் காகம். மனையடி சாஸ்திரம் நல்லது என்று சொல்லும் கொடி, சிங்கம், எருது, யானை நான்கும் ஒற்றைப்படை மிச்சங்கள்: 1, 3, 5, 7. முழு அடியில் கட்டும் செவ்வகத்தின் சுற்றளவோ எப்போதும் இரட்டைப்படை. மும்மடங்காக்கி எட்டால் வகுத்தாலும் மிச்சம் இரட்டைதான். இந்தக் கணக்குப்படி முழு அடி வீடு ஒன்றுகூடத் தப்பாது! ஆறங்குலம் கூட்டி 23½ ஆக்குங்கள். சுற்றளவு 107, மிச்சம் 1, கொடி. சுற்றளவை விட்டுப் பரப்பை வைத்துப் பார்ப்பவர் வந்தாலும் 705 சதுர அடியை அதேபோல் மும்மடங்காக்கி எட்டால் வகுத்தால் மிச்சம் 3, சிங்கம். கழுதையைச் சிங்கமாக்க அரை அடி போதும். யாருக்கும் பரிகாரக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் காட்டில் கிடை போட்ட கீதாரி விடுகதை போடுகிறார். ஆடுகளை மும்மூன்றாக நிறுத்தினால் 2 மிச்சம், ஐந்தைந்தாக 3, ஏழேழாக 2. மொத்தம் எத்தனை?

பதில்: 23. அல்லது 128. அல்லது 233. 3, 5, 7-ஐப் பெருக்கினால் வரும் 105-ஐக் கூட்டிக்கொண்டே போகலாம். சீனத்தில் சுன் சூ போட்ட பழைய புதிர் இது. நம் நாட்டில் ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தில், மிச்சங்களிலிருந்து எண்ணைப் பிடிக்கக் குட்டகம் என்ற வழி உண்டு. கிடைக்கூலி பேசும்போது மட்டும் கீதாரி 233 என்றுதான் விடை சொல்வார். தலையை எண்ணிக் கொடுங்கள்.